கைராங்கியின் வலது கால்

எங்கள் ரரோடோங்கா தீவில் பஸ்ஸுக்கு நம்பர் கிடையாது. ஒன்று தீவை வலமாகச் சுற்றும், மற்றது இடமாகச் சுற்றும். வலமாகப் போவதை கைராங்கி ஓட்டினாள். இடமாகப் போவதை ஓட்டும் அபெரா நான்தான். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை எதிரெதிரே கடப்போம். கடக்கும்போது ஜன்னல் வழியாக ஆளுக்கு ஒரு வாக்கியம் கத்தத்தான் நேரம் இருக்கும். காலையில் ஆரம்பித்த சண்டை முடிய சாயங்காலம் ஆகிவிடும்.

கைராங்கிக்குப் பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். தலையில் பூ வளையம் இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டாள். எந்த வீட்டுப் பன்றி குட்டி போட்டது, எந்தப் பெண் யாருடைய ஸ்கூட்டரில் போனாள் என்பதெல்லாம் அவள் பஸ்ஸில் ஏறினால் தெரிந்துவிடும். பிடித்தவர்களுக்கு வாசலிலேயே நிறுத்துவாள். பிடிக்காதவர்களுக்கும் நிறுத்துவாள், கொஞ்சம் தள்ளி.

புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகள் மெரியானா ஆக்லாந்தில் இருந்தாள். "தனியா அங்க என்னம்மா பண்றே, இங்க வந்துடு" என்று போனில் நச்சரித்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் கைராங்கி ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை.

"இத்தனை வருஷம் உக்காந்துகிட்டே சுத்தியாச்சு. ஒரே ஒரு தடவை என் கால்ல ஓடிச் சுத்திட்டு வந்துடறேன்."

வருஷத்துக்கு ஒருமுறை தீவைச் சுற்றி ஓட்டப்பந்தயம் நடக்கும். முப்பத்திரண்டு கிலோமீட்டர். அதுவரை சர்ச்சுக்குக்கூட நடந்து போகாதவள், பேர் கொடுத்த மறுநாளே மூச்சிரைக்க ஓட ஆரம்பித்தாள். ஒருநாள் விடாமல் ஓடினாள். பலன், பந்தயத்தன்று பாதி வழியில் இருக்கும் தீதிகாவேகா சர்ச் தாண்டுவதற்குள் வலது காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். மகள் இன்னும் ஒரு வருஷம் தவணை கொடுத்தாள். இந்த வருஷமோ பந்தயத்துக்கு அடுத்த புதன்கிழமைக்கே டிக்கெட் எடுத்துவிட்டாள். இந்தத் தடவை விட்டால் பிறகு கிடையாது.

காலோ கேட்பதாயில்லை. முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்க ஓரமாக வலி. ஓட ஆரம்பித்ததும் வலிக்கும், சூடேறியதும் அடங்கும், மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது உயிர் போகும். யாராவது கேட்டால், "வலியா? எனக்கா?" என்று எரிந்து விழுவாள். ஆனாலும் படியில் அவள் இறங்கும் அழகைப் பார்த்தே ஊருக்குத் தெரிந்துவிட்டது. பிரேக் மிதித்து மிதித்து வந்த வலி என்று எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள். நானும்தான். ஆளாளுக்குத் தேங்காயெண்ணெய் போட்டு எலும்பே தேயும்படி உருவிவிட்டார்கள். வலி இரட்டிப்பானதுதான் மிச்சம்.

கடைசியில் நான்தான் திட்டி, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். அங்கே பிசியோவாக இருந்தவன் நூரோவா, பக்கத்துத் தீவான ஐட்டுடாக்கிக்காரன். சிரித்த முகம். எலும்போரமாக மேலிருந்து கீழே அழுத்திப் பார்த்தான்.

"எங்க வலிக்குது அத்தை? ஒரு விரலால காட்டுங்க."

"ஒரு விரல் எப்படிப் போதும்? இவ்ளோ தூரம் வலிக்குது" என்று உள்ளங்கையை நீளமாக வைத்தாள்.

"அப்பாடா, நல்ல சேதி. இது ஷின் ஸ்பிளிண்ட், ஓடி ஓடி எலும்போரம் புண்ணாகி வர்ற வலி. ஒரே இடத்துல குத்துற மாதிரி, விரலால தொட்டுக் காட்டுற மாதிரி வலிச்சாத்தான் எலும்புல கீறல் இருக்குமோன்னு பயப்படணும். அப்படி எப்பவாவது ஆச்சுன்னா, அந்த நிமிஷமே ஓட்டத்தை நிறுத்திடணும். சரியா?"

"சரி. மருந்து கொடு."

"மருந்து கிடக்கட்டும். எலும்புக்கும் உயிர் இருக்கு அத்தை. வேலை கூடினா அதுவும் தன்னைக் கெட்டிப்படுத்திக்கும், மெதுவா. நீங்க அதுக்கு மூச்சுவிட நேரமே கொடுக்கல. ஆமா, வலது கால் மட்டும் ஏன்? எந்தப் பக்கமா ஓடுவீங்க?"

"வலமாத்தான். என் பஸ் போற வழி."

"ரோட்டுல எந்த ஓரம்?"

"கடலோரம். என் பஸ் போற ஓரம்."

"திரும்பி வரும்போது?"

கைராங்கி அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "எதுக்குத் திரும்பணும்? போய்க்கிட்டே இருந்தா வீடு வந்துடும். முடியலேன்னா பின்னாடி வர்ற வண்டியைப் பிடிச்சு மிச்சத்தையும் சுத்திடுவேன்."

எனக்கும் அவன் கேட்டது விளங்கவில்லை. எங்கள் ஊரில் வந்த வழியே யாரும் திரும்புவதில்லை. நூரோவா எங்களை ரோட்டுக்குக் கூட்டிப்போய், ஒரு எலுமிச்சம்பழத்தைத் தாரின் மேல் வைத்தான். அது நிதானமாக உருண்டு கடல் பக்கத்துப் புல்லில் போய் விழுந்தது.

"மழைத்தண்ணி வடியறதுக்காக ரெண்டு ஓரமும் சரிவா போட்டிருக்கான். உங்களுக்கு எப்பவும் இடது கால் பள்ளத்துல, வலது கால் மேட்டுல. வலது பாதம் உள்பக்கமா மடங்கி மடங்கி எலும்போரத்தை இழுக்குது. கொஞ்ச தூரம் போயிட்டு அதே ஓரமாத் திரும்பி வந்தா, பாரம் ரெண்டு காலுக்கும் சமமாப் போகும்."

நான் குனிந்து புல்லில் எலுமிச்சம்பழத்தைத் தேட ஆரம்பித்தேன். பிரேக் என்று சொன்னவன் நானாயிற்றே.

அடுத்த சில வாரங்களுக்கு ரோட்டில் ஓடவே கூடாது என்றான். மூரி காயலில் இடுப்பளவு தண்ணீரில் ஓடினாள். ஃப்ரீசரில் கிடந்த சேப்பங்கீரைப் பொட்டலம் ராத்திரியில் காலுக்கு ஒத்தடமானது, மறுநாள் தேங்காய்ப்பாலில் குழம்பானது. தேய்ந்த ஷூவைத் தூக்கி எறிந்தாள். டவுன் நிறுத்தத்தில் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவாள், பயணிகளும் சேர்ந்து எக்குவார்கள். பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள், முதலில் பள்ளிக்கூடத்துப் புல்வெளியிலும் அப்புறம் ரோட்டிலும் மெல்ல ஓடத் தொடங்கினாள்.

கூத்து அப்போதுதான் ஆரம்பித்தது. பாதி வழியில் அவள் திரும்பியதைப் பார்த்தவர்களெல்லாம் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள்.

"என்ன கைராங்கி, எதையாவது விட்டுட்டு வந்துட்டியா?"

"அடுப்பை அணைக்கலியா?"

"ஏறு, கொண்டுபோய் விடறேன்!"

நானும் பஸ்ஸிலிருந்து கத்தினேன்: "என் ரூட்ல உனக்கென்னடி வேலை?"

"உன் ரூட்டு இப்படித்தான் நாறுமா!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

பந்தய நாள் வந்தது. ரோட்டை அடைத்திருந்ததால் எங்கள் இருவருக்கும் பஸ் இல்லை. நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன், நூரோவா என் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தான். சரிவில்லாத நடு ரோட்டில் ராணி மாதிரி ஓடினாள். மூரி தாண்டினாள். தீதிகாவேகா சர்ச்சும் தாண்டிவிட்டாள். தெற்குக் கரையில் வந்து திடீரென்று நின்றாள். குனிந்து வலது காலை அழுத்தினாள். நான் வண்டியை நிறுத்தினேன். நூரோவா இறங்கி ஓடி மண்டியிட்டு, எலும்பை அங்குலம் அங்குலமாக அழுத்தினான்.

"ஒரு இடமா, நெடுகவா? பொய் சொல்லக் கூடாது அத்தை."

"நெடுகத்தான். சத்தியமா."

"அப்போ கொஞ்சம் நடங்க, கொஞ்சம் ஓடுங்க. கூடிச்சுன்னா நானே தூக்கி வண்டியில போட்டுடுவேன்."

"நீயா? என்னையா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது.

நடையும் ஓட்டமுமாக அரோராங்கியைக் கடந்து அவள் டவுனுக்கு வந்து சேர்ந்தபோது, பரிசு கொடுத்து முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்கள். எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன். அதை மறைக்க, "இதுக்கு நடந்தே வந்திருக்கலாம்" என்றேன். அவள் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து, நூரோவா நீட்டிய டோனட்டைத் தின்றாள்.

மெரியானாவிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா! முடிச்சிட்டியா?"

"முடிச்சாச்சு. கடைசி ஆள் நான்தான்."

"ஐயோ, எவ்ளோ சந்தோஷமா இருக்கு தெரியுமா! பெட்டி கட்டிட்டியா? புதன்கிழமை பிளைட்டு."

கைராங்கி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது வந்து... காலு ரொம்ப மோசம்டி. பிளைட்ல ஏறவே கூடாதுன்னுட்டாரு பிசியோ. இதோ, பக்கத்துலதான் இருக்காரு."

நூரோவா வாயில் டோனட்டோடு திகைத்துப்போய்த் தன் நெஞ்சைத் தொட்டு, நானா என்று கையைக் காட்டினான். அவள் கண்ணாலேயே அவனை அடக்கினாள்.

"எத்தனை நாளைக்கும்மா?"

"அதெப்படி இப்பவே சொல்றது? ஆறு மாசம் ஆகலாம். ஆறு வருஷம்கூட ஆகுமாம்."

மெரியானா மெல்லக் கேட்டாள். "அம்மா, நிஜமா கால்தானா?"

வலி இல்லை என்று ஊரையே ஏமாற்றியவளுக்கு, வலிக்கிறது என்று பெற்ற பெண்ணை ஏமாற்ற முடியவில்லை. சர்க்கரை ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கால் நல்லாத்தான் இருக்குடி. எனக்குத்தான் வர மனசில்லை."