கீல் வாங்க வந்த அம்மா

ஏற்றுமதி வளர்ச்சி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்கு அகராதி என்று பெயர். மூன்று அயல்மொழிகள் தெரியும் என்பது ஒரு காரணம். அதிகாரிகளிடம் எதிர்க்கேள்வி கேட்பாள் என்பது இன்னொன்று. 'சரியான அகராதி' என்று முதலில் முணுமுணுத்த தலைமை எழுத்தர் ஓய்வுபெற்றுப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டது.

ஆண்டுதோறும் நடக்கும் தேசிய வர்த்தகக் கண்காட்சிக்கு வெளிநாட்டு வணிகர்களை வரவழைப்பதுதான் அவள் வேலை. 'எங்கள் நாட்டின் கைவண்ணத்தைக் காண வாருங்கள்' என்று தொடங்கும் ஒரே கடிதத்தைப் பத்தொன்பது வருஷமாக மூன்று மொழியில் எழுதி வந்தாள். விமானச் சீட்டு, நான்கு இரவு ஓட்டல் அறை, போக வரக் கார், எல்லாம் அரசாங்கச் செலவு. முன்னூறு பேர் வந்தாக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. வந்தார்கள். என்ன வாங்கினார்கள் என்று கேட்கச் சொல்லி மட்டும் எந்த உத்தரவும் வந்ததில்லை.

வருகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பல் டாக்டர் ஆறாவது முறையாக வந்துகொண்டிருந்தார். படிவத்தில் 'மருத்துவக் கருவி இறக்குமதி' என்று எழுதுவார். இதுவரை அவர் இந்த நாட்டில் வாங்கியது ஒரு பெட்டி, துணிமணி வைத்துக்கொள்ள. ஒரு வருஷம், கல்யாணமாகி இரண்டு வாரமே ஆன ஒரு ஜோடி வந்து, நாலு நாளும் ஓட்டல் அறையை விட்டு வெளியே வரவில்லை. அரங்கத்துக்குப் போய் வந்ததாக அவர்கள் பெயருக்கு எதிரே யாரோ டிக் அடித்திருந்தார்கள். இதையெல்லாம் ஆரம்பத்தில் வீட்டில் கணவரிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாள். அவர் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளர். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு வருஷம், கண்காட்சிக்கு மூன்று மாதம் இருக்கும்போது அந்தக் கடிதம் வந்தது. கையால் எழுதியது. கடலுக்கு நடுவே ஒரு சின்னத் தீவில் இரும்புச் சாமான் கடை நடத்தும் ஒரு பெண். உப்புக் காற்றில் கதவுக் கீல்கள் ஒரே வருஷத்தில் துருப்பிடித்து உடைகின்றன, நாலு அங்குலத்தில் நல்ல பித்தளைக் கீல் உங்கள் நாட்டில் செய்வார்களா, செய்தால் எனக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அவள் அதை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"தூதரகம் அனுப்பின பட்டியல்ல பேர் இருக்கா?" என்றார் இயக்குநர், நிமிராமலே.

"இல்ல சார். சின்னக் கடைதான். ஆனா நிஜமாவே சரக்கு வேணும்னு கேக்கறாங்க."

"கம்பெனி கிடையாது, பட்டியல்லயும் பேர் இல்ல. சில்லறைக் கேஸ்மா இது."

"நம்ம முன்னூறு பேர்ல ஏதாவது வேணும்னு வாயத் திறந்து கேட்டவங்க யாரு சார்?"

இயக்குநர் இப்போது நிமிர்ந்தார். "ஃபைல்ல வச்சிட்டுப் போங்க."

ஃபைலில் வைப்பதென்றால் புதைப்பது. அவள் சொந்தத் தாளில் பதில் எழுதி, சொந்த ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டாள். வீட்டுக்குப் போகிற வழியில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், பித்தளைக் கீல் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அரம் ராவுகிற சத்தம் காதுக்குப் பழக்கமே தவிர, உள்ளே அவள் போனதில்லை. அன்று போனாள். பட்டறைக்காரர் நாற்பது வயதுக்காரர், முன்கை முழுக்கப் பித்தளைத் தூள்.

"கடல் தாண்டியா? பக்கத்துத் தெருவுக்கே நான் சொன்ன தேதியில சரக்குக் குடுத்ததில்லக்கா" என்று சிரித்தார். "ரெண்டு வருஷம் முன்னாடி உங்க கண்காட்சியில ஸ்டால் கேட்டேன். கீல்ல பாரம்பரியம் எங்க இருக்குன்னு கேட்டாங்க. கதவுலதான் இருக்குன்னேன். மனுவத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

தீவுக்காரப் பெண்ணிடமிருந்து அடுத்த கடிதம் வந்தது. என் செலவில் வருகிறேன், உங்கள் கண்காட்சியிலேயே சந்திக்கலாம் என்று.

சொன்னபடியே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தோளில் துணிப்பை. அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய துருப்பிடித்த கீல் ஒன்று. அரங்கத்தின் வாசலில் காவலர் தடுத்தார். வெளிநாட்டு வணிகர் என்றால் கழுத்தில் ஊதா நாடா தொங்க வேண்டும். பொதுமக்களுக்கு நாலாம் நாள்தான் அனுமதி. அகராதி உள்ளே ஓடினாள். விருந்தினர் கூடத்தில் பல் டாக்டர் சோபாவில் கால் நீட்டி, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சின்மேல் ஊதா நாடா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் புகைப்படக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், வாசல்ல ஒருத்தங்க வெயில்ல நிக்கறாங்க. சொந்தக் காசுல வந்தவங்க. ஒரு நாடா குடுங்க."

"நாடா எண்ணித்தாம்மா வந்திருக்கு. அமைச்சர் வர்ற நேரத்துல என்னைப் படுத்தாதீங்க."

தூங்குகிறவர் கழுத்திலிருந்து அதை உருவிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்குக் கை பரபரத்தது. திரும்பி வெளியே வந்தாள். அரை நாள் விடுப்பு எழுதிக் காவலரிடமே கொடுத்துவிட்டு, அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நிற்கத்தான் இடம் கிடைத்தது. "கண்காட்சிய விட்டுட்டு இது எங்க போற வண்டி?" என்று அந்த அம்மாள் கேட்டார். "கீலுக்குப் போற வண்டிம்மா" என்றாள் இவள், அவர் மொழியிலேயே.

பட்டறையில் அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. ஒவ்வொரு கீலாக எடுத்துக் காதருகே வைத்துத் திறந்து மூடிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நாலாவது கீலை மட்டும் மேசையில் தனியாக வைத்தார்.

"ஆணி கொஞ்சம் லூசு. காத்து அடிச்சா கதவு கத்தும்னு சொல்றாங்க" என்று அகராதி மொழிபெயர்த்தாள்.

பட்டறைக்காரர் அதை எடுத்து ஆட்டிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "உண்மைதான்க்கா. இனிமே இப்படி வராதுன்னு சொல்லுங்க. பத்து வருஷமா என் கீலை யாரும் காதுல வச்சுப் பாத்ததில்ல."

சாயங்காலத்துக்குள் பேச்சு முடிந்தது. அளவு, எண்ணிக்கை, கப்பல் மாதம் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வினை வந்தது படிவத்தில். சரக்கு அனுப்ப அதே அலுவலகத்தில் அனுமதி கேட்டபோது, 'இந்த வணிகர் எப்படிக் கிடைத்தார்?' என்ற கட்டத்தில் பட்டறைக்காரர் வெள்ளந்தியாக 'உங்கள் அலுவலக அக்கா மூலம், கண்காட்சியின்போது' என்று எழுதிவிட்டார். இரண்டே நாளில் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். தேநீர் கூட வந்தது.

"அருமையான வெற்றிக் கதைம்மா. அந்த அம்மா பேர்ல ஒரு நன்றிக் கடிதம் தயார் பண்ணுங்க. நல்லா வரவேற்றாங்க, நேர்த்தியான ஏற்பாடு, அந்த மாதிரி. அவங்க மொழியில இருந்தாத்தான் நம்ம விளம்பரப் புத்தகத்தப் படிக்கறவங்க நம்புவாங்க."

"அவங்கள வாசலோட திருப்பி அனுப்பினீங்க சார்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

தேநீரை அவள் தொடவில்லை. அடுத்த வாரமே தரைத்தளத்து எழுதுபொருள் கிடங்குக்கு மாற்றல் வந்தது. கட்டுக்கட்டாய்க் காகிதம், பசை வாடை, ஜன்னலே இல்லாத அறை. நன்றிக் கடிதத்தை வேறு யாரோ எழுதினார்கள். ஒரு நாள் புதிய விளம்பரப் புத்தகம் பெட்டி பெட்டியாக அவள் கிடங்குக்கே வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் இயக்குநர் பல் டாக்டரோடு கைகுலுக்கும் படம். கீழே, தீவுக்காரப் பெண் உருகி உருகி நன்றி சொல்லும் வாசகம், இலக்கணப் பிழைகளோடு. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்தப் புத்தகம் தீவுக்கும் போயிருக்கிறது, இலவச அழைப்போடு. அந்த அம்மாள் அலுவலகத்துக்கு எழுதிய பதிலைச் சரியாகப் படிக்க மூன்றாவது மாடியில் ஆளில்லாமல், மொழிபெயர்க்கச் சொல்லி அவளிடமே அனுப்பினார்கள். ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள்: 'என்னை வெயிலில் நிற்க வைத்தீர்கள். உங்களில் ஒருவர் மட்டுமே என்னைப் பஸ்ஸில் அழைத்துப் போனார். நான் சொல்லாததை என் பெயரில் போட உங்களுக்கு வெட்கமாக இல்லையா? அதை எடுத்துவிடுங்கள்.'

இயக்குநர் இறங்கி வந்தார். "கொஞ்சம் பதமா மாத்த முடியாதா?"

"எழுதியிருக்கறது அதுதான் சார்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மறு வருஷப் புத்தகத்திலும் அந்தப் பக்கம் இருந்தது. படம் மட்டும் பெரிதாகியிருந்தது.

அந்தப் புத்தகப் பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த சாயங்காலம், அவள் பட்டறைக்குள் நுழைந்தாள். மூன்றாவது தடவையாகச் சரக்கு கிளம்பிக்கொண்டிருந்தது. பெட்டிகளில் தீவின் முகவரியை அந்த மொழியில் அவள்தான் எழுத வேண்டும்.

"எனக்கும் இந்த வருஷம் ஸ்டால் தர்றாங்களாம்க்கா, இலவசமா" என்றார் பட்டறைக்காரர். "போகட்டுமா?"

"போங்க தம்பி. ஆனா எதுல கையெழுத்துக் கேட்டாலும் படிக்காமப் போடாதீங்க."

அவர் மைப் பேனாவை நீட்டினார். அவள் முதல் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.