சுடுதண்ணிக்காரி

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், சுவர்ணாவுக்குச் ‘சுடுதண்ணிக்காரி’ என்று பட்டப்பெயர். மூத்தவன் இரண்டு வயதில் வயிற்றோட்டம் கண்டு, பிழைத்தது பெரும்பாடாகிப் போனது. அன்றிலிருந்து, மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே வரும் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் அவள் யாரையும் குடிக்க விட்டதில்லை. விருந்தாளிக்கும் அதே சட்டம்தான். லயமே கேலி பண்ணியது. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேலி பண்ணியவர்களும் யோசனை கேட்டு அவளிடம்தான் வந்தார்கள்.

உரத்துக்குத் தட்டுப்பாடு வந்த வருடம், அவள் கணவன் எஸ்ரன் ஊற்றுக்கு மேலே உள்ள சரிவில் போஞ்சிக்காய் பயிர் போட்டான். கோழி எரு லொறியில் வந்து மூட்டை மூட்டையாக இறங்கியது. யூரியா மறுபடி கடைக்கு வந்த பிறகும் அவன் எருவை விடவில்லை; காய்ப்பு அப்படி. அளவாகப் போடு என்று யாராவது சொல்லியிருந்தாலும் கேட்கிற ஆளில்லை அவன். செடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. மிச்சத்தை மழை கரைத்து மண்ணுக்குள் இறக்கி ஊற்றில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பீலித் தண்ணீர் வழிந்தோடும் கானில் புல் மட்டும் என்றுமில்லாத கரும்பச்சையாகத் தழைத்தது. தண்ணீரில் வாடையுமில்லை, ருசியும் மாறவில்லை.

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது சுவர்ணாவுக்குப் பால் போதவில்லை. பால்மா கரைத்துக் கொடுத்தாள். இரண்டாம் மாதம் பிள்ளையின் உதட்டில் நீலம் பாய்ந்தது. குளிர் என்றான் எஸ்ரன். அவளோ தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். பாவி, சரியாகத்தான் சந்தேகப்பட்டாள். பத்து நிமிடம் கொதித்த கேத்தல் அரை மணி நேரம் கொதித்தது. நகமும் நீலமானது. அதன்பின் முக்கால் மணி நேரம் கொதித்தது.

ஒரு காலை பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் எடுத்த இரத்தம் சொக்லட் நிறத்தில் இருந்தது. டொக்டர் நுஸ்ஹா முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார்; ஊற்றுக்கு மேலே எரு போட்டதை எஸ்ரன் சொன்னான்.

“நல்லா கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறேன் டொக்டர். பாதியா வத்துற வரைக்கும்.”

“அதுதான் பிழையாப் போச்சு. கொதிச்சா கிருமிதான் சாகும். எருவுல இருந்து வார நைத்திரேற்று உப்பு போகாது. தண்ணி வத்த வத்த அது கூடும். சின்னப் பிள்ளைட இரத்தத்துக்கு மூச்சைச் சுமக்க ஏலாமப் போயிரும்.”

“எருவை இன்னைக்கே அள்ளிடுறோம்,” என்றான் எஸ்ரன்.

“அள்ளுங்க. ஆனா மண்ணுக்குள்ள இறங்கினது வருஷக்கணக்கா வந்துகிட்டே இருக்கும். பிள்ளைக்கு வேற தண்ணி பாருங்க.”

மருந்து ஏற, பிள்ளை பிழைத்தது. ஆனால் தன் கையாலேயே நஞ்சைக் காய்ச்சி ஊட்டினேனே என்ற எண்ணம் சுவர்ணாவை அரித்தது. லயத்திலிருந்து போனில் கேட்டவர்களுக்கெல்லாம், “சளிதான்,” என்று சொல்லி வைத்தாள். உண்மையைச் சொல்ல அவ்வளவு வெட்கம்.

ஐந்தாம் நாள் ஓட்டோவில் வீடு வந்தார்கள். பக்கத்து வீட்டு அனுஷியா, ஒரு மாதக் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். அவளுக்கும் பால் போதாது, பால்மாதான்.

“உங்க பிள்ளைக்கு முடியலன்னதும் பயந்துட்டேன் அக்கா. நீங்க சொன்ன மாதிரியேதான். இவனுக்கு இப்ப ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறேன்.”

சுவர்ணா அந்தக் குழந்தையின் மூடிய கையை விரித்து நகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க,” என்றாள் எஸ்ரனிடம், “அந்த ஓட்டோவைப் போக விடாதீங்க.”