மருதாளக்கா வீட்டுக்கு வந்த பையர்

இரண்டு கட்டைவிரல்களையும் பனியனின் கழுத்துக்குள் விட்டு ஒரு இழு இழுக்கிறார் மருதாளக்கா. தையல் 'டக்' என்றால் பீஸ் ரிஜெக்ட். இல்லாவிட்டால் உள்பக்கம் வெளியே வருகிறது, ஓரங்களில் பார்வை ஓடுகிறது, நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை டிரிம்மர் நறுக்குகிறது, அடுத்த பீஸ். கை ஓடும்போது வாயும் ஓடும். "தலை நுழையோணுமல்லோ கண்ணு. அழுவற குழந்தைக்கு மாட்டறப்ப கழுத்து டைட்டா இருந்தா அது என்ன பாடு படும்?" எங்கள் கம்பெனியில் குழந்தைகள் துணிதான் அதிகம். ஐரோப்பாவில் எங்கோ பிறக்கப்போகிற தலைகளெல்லாம் முதலில் மருதாளக்காவின் கட்டைவிரல்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வேலை விட்ட பிறகும் அந்தக் கை அடங்காது. டவுன் பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரில் நூல் தொங்கினால், "ஆடாம இருங்க, பிசிறு இருக்குதுங்க" என்று பிடுங்கிவிடுவார். சிலர் நன்றி சொல்வார்கள். ஒருவர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பாரு, நல்லது பண்ணினா திருடிங்கறான்" என்று அக்கா அன்று முழுக்கச் சிரித்தார்.

மண்ணரையில் எங்கள் காம்பவுண்டின் நடு வீடு அவருடையது. கணவர் நஞ்சப்பன் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். மிஷின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதால் பேச்சையே குறைத்துக்கொண்ட மனிதர்.

ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக்காரரை எங்கள் ஊரில் பையர் என்போம். மருதாளக்காவிடம் அந்த வார்த்தைக்கு இன்னும் இடம் அதிகம். கையில் ஃபைலோடு யார் வந்தாலும் அவர் பையர்தான். ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர் பையர். கொசு மருந்து அடிப்பதை மேற்பார்க்க வந்த முனிசிபாலிட்டிக்காரரும் பையர். கம்பெனிக்கு அசல் பையர் வருகிற நாளில் ஃப்ளோரைத் தயார் செய்வது அக்காவின் பொறுப்பு. எல்லோருக்கும் மாஸ்க் மாட்டுவார். கத்தரிக்கோல்களை மேஜையோடு கயிற்றில் கட்டுவார். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு நிரப்புவார். என்ன கேட்டால் என்ன சொல்வது என்று பாடம் நடத்துவார். கடைசியாக, வயது குறைவாகத் தெரிகிற பெண்களைப் பின்கேட் வழியாக அனுப்பிவிட்டு, ஒரு வாக்கியத்தோடு வாசலில் நிற்பார்: "பதினாலு வயசுக்குக் கீழ ஒருத்தரையும் உள்ள உடறதில்லீங்க." மூச்சு விடாமல் சொல்வார். அதே வாக்கியத்தை ஆபீஸில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் டைப் செய்கிறவள் நான்.

அவருக்குக் குழந்தை இல்லை. கோயில்களும் ஆஸ்பத்திரிகளும் ஒரு சுற்று முடிந்துவிட்டன. டாலர் நாற்பது ரூபாய்க்குக் கீழே இறங்கி முதலாளிகளெல்லாம் புலம்பிக்கொண்டிருந்த வருஷம், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: "ஏங்கண்ணு, தத்து எடுக்கறதுன்னா எங்க போய்க் கேக்கோணும்? நீ படிச்ச புள்ளையல்லோ, பாத்துச் சொல்லு." எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அதனால் எல்லாவற்றுக்கும் எனக்கு வழி தெரியும் என்று காம்பவுண்டு நம்புகிறது. தெரியாது என்று சொல்ல எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன்.

நான் தேடி முடிப்பதற்குள் செய்தி பரவிவிட்டது. நஞ்சப்பனின் அண்ணன், "எதுக்கு ஊரான் புள்ளை? என்ர சின்னவனை எடுத்துக்க" என்றார். அக்கா அவருக்கு இலை போட்டுச் சோறு வைத்து அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "அது எப்பவும் அவுங்க பையந்தான் கண்ணு. தீவாளிக்குத் தீவாளி வந்து எளைச்சுட்டானான்னு பாப்பாங்க."

அடுத்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அம்மாள் தானாகவே தேடி வந்தார். மொத்தமாக ஒரு தொகை. பிறப்புச் சான்றிதழிலேயே இவர்கள் பெயர். கோர்ட்டு இல்லை, காத்திருப்பு இல்லை. "சீட்டுப் பணத்தை எடுத்தாப் போச்சு மருதா" என்று நஞ்சப்பன் தலையை ஆட்டிவிட்டார். அக்கா அந்த அம்மாளுக்குக் காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பெத்தவ எங்கீங்க இருக்கறா?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க?"

"நாளைக்கு அவ வந்து என்ர வாசல்ல நின்னா நான் என்னன்னுங்க சொல்றது?"

அந்த அம்மாள் காபியைக் குடிக்க ஆரம்பித்தார். முடிகிற வரை பொறுத்திருந்து அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டார்.

பிறகு தாராபுரம் போகிற வழியில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனோம். அக்கா உள்ளே போகாமல் நேராகப் பின்பக்கம் போய்க் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்தார். வெளுப்பு, மடிப்பு, கழுத்து எல்லாம் அவருக்குத் திருப்தி. "இது பாஸ் கண்ணு, இங்கயே எடுத்துக்கலாம்" என்றார். குழந்தையைத் தத்துக் கொடுக்க அரசாங்க அனுமதி இருக்கிறதா என்று நான் கேட்டதும், "எழுதிப் போட்டிருக்குது, வந்துரும். நீங்க அன்பளிப்பாக் குடுத்தாப் போதும்" என்றார்கள். வெளியே வரும்போது அக்கா கொடியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். நல்ல துணி ஏமாற்றும் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

அனுமதி உள்ள இல்லம் கோயமுத்தூரில் இருந்தது. அங்கே கொடியில் கிடந்த பனியன்கள் சாயம் போய், கழுத்து தொங்கிக் கிடந்தன. அக்கா முகத்தைச் சுளித்தார். பொறுப்பாளர் அம்மா நிதானமாக விளக்கினார். முதலில் பதிவு. பிறகு ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அது சரியாக இருந்தால்தான் மேலே நகரும். குழந்தையைக் காட்டுவார்கள், வளர்ப்பில் கொடுத்துக் கொஞ்ச காலம் கவனிப்பார்கள், கடைசியில் கோர்ட்டு உத்தரவு. பதிவுக்கு, வீட்டு ஆய்வுக்கு, குழந்தையைப் பராமரித்ததற்கு என்று தனித்தனிக் கட்டணம், எல்லாம் ரசீதோடு. வக்கீல் செலவு வேறு.

"மேல எவ்வளவு குடுக்கோணும்ங்க?" என்று அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"மேலயும் இல்லம்மா, கீழயும் இல்ல."

திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்கு அதுவே சந்தேகமாகிவிட்டது. "ரேட்டுப் பேசாம ஒரு எடத்துல சரக்கு எடுத்ததே இல்ல கண்ணு" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சரக்குங்கறேன் பாரு, புத்தி கெட்டவ." அவிநாசி வரும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "நம்மளை இத்தனை சோதிக்கப் போறாங்கன்னா, கேக்கறவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துர மாட்டாங்க. அங்கயே எழுதிப் போடு" என்றார்.

சில மாதம் கழித்து, ஆஷா என்கிற சமூகப் பணியாளர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகத் தகவல் வந்தது. இதில் தவறினால் எல்லாம் நின்றுவிடும் என்பது அக்காவுக்குத் தெரியும். "சும்மா வந்து பேசுவாங்கக்கா, பயப்படாதீங்க" என்றேன். சும்மா வந்து பேசுகிற ஒருவரை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பையர் வருகிறார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலமே கத்தரிக்கோலும் அரிவாள்மனையும் கயிறு போட்டுச் சமையல் மேடையில் கட்டப்பட்டன. சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் முதலுதவிப் பெட்டி ஏறியது. நஞ்சப்பனை நாற்காலியில் உட்கார வைத்துப் பாடம் நடந்தது.

"எத்தனை மணி நேரம் வேலைன்னு கேட்டா?"

"எட்டு மணி நேரந்தானுங்க. ஓவர்டைம் கெடையாதுங்க."

"ஊட்டுக்குள்ள சண்டை வருமான்னு கேட்டா?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "எங்களுக்குள்ள யூனியன் பிரச்சனையே இல்லீங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிறு காலை நான் எழுந்து வந்தபோது காம்பவுண்டு வெறிச்சென்று இருந்தது. எப்போதும் மருதாளக்காவின் வாசலில் புரண்டுகொண்டிருக்கிற குழந்தைகளில் ஒன்றைக்கூடக் காணோம். எல்லாவற்றையும் கடைசி வீட்டில் செல்லாத்தாளின் பொறுப்பில் விட்டு, டிவியைப் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார் அக்கா.

"எதுக்குக்கா இது?"

"பையர் வர்றப்ப சின்னதுக கண்ணுல படக்கூடாது கண்ணு. ஓடியாந்து எதையாச்சும் ஒளறி வெச்சுரும்."

இது சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எடுத்துச் சொல்ல வார்த்தை வரவில்லை. நானும் கேள்வி வருவதற்கு முன்பே பதிலை மனப்பாடம் செய்து பட்டம் வாங்கியவள்தானே. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னால் போதும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் எப்படி அவருக்குச் சொல்வேன்?

ஆஷா ரப்பர் செருப்பும் துணிப்பையுமாக வந்தார். என் வயதைவிட நாலைந்துதான் கூட இருக்கும். அக்கா சுவரோரம் நின்றுகொண்டார். எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. வேலை நேரம், எட்டு மணி. சம்பளம், ஒன்றாந்தேதி. எல்லாம் பாடப்படி போனது. ஆஷா எழுதிக்கொண்டே கேட்டார்: "வீடெல்லாம் வரிசையா இருக்கே, காம்பவுண்டுல குழந்தைங்களே இல்லையா?"

அக்காவின் முதுகு நிமிர்ந்தது. "பதினாலு வயசுக்குக் கீழ ஒருத்தரையும் உள்ள உடறதில்லீங்க!"

பேனா நின்றது. நஞ்சப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.

"அப்ப நீங்க தத்தெடுக்கிற குழந்தை?" என்றார் ஆஷா. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கான பதில் பாடத்தில் இல்லை. அந்த நேரம் பார்த்துக் கடைசி வீட்டுக் கதவு திறந்து, பிரியங்கா தடதடவென்று ஓடி வந்தாள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த கருத்தம்மாவின் மகள், மூன்று வயசு. வந்த வேகத்தில் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு, "அத்தே, எம்புட்டு நேரம் எங்கள அடச்சு வைப்பீக? முறுக்கு தாரேன்னீகள்ல?" என்றாள்.

ஆஷா என்னைப் பார்த்தார், பிறகு அக்காவை. "குழந்தைங்களை அடைச்சு வெச்சிருக்கீங்களா?"

முடிந்தது என்று நினைத்தேன். மருதாளக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிரியங்கா மடியில் ஏறிக்கொண்டாள்.

"ஆமாங்க" என்றார் அக்கா. "நாந்தானுங்க உள்ள போட்டேன். யாராச்சும் பாக்க வந்தாச் சின்னதுகளை மறைக்கோணும், அதுதானுங்க எனக்குத் தெரிஞ்சது. நான் ஊட்டுல இருக்கற நேரமெல்லாம் இதுக இங்கதானுங்க கெடக்கும். எட்டு மணி நேரங்கறதும் பொய்யிங்க. வேலை உட்டு வர ராத்திரி ஒம்பது ஆயிருமுங்க. குழந்தை வந்தா வேலையை உடறதா, பாதி நேரம் போறதான்னு ரெண்டு பேரும் தெனமும் பேசறோமுங்க, இன்னும் ஒரு முடிவுக்கு வரலீங்க. வராததை எப்படிங்க வந்துருச்சுன்னு சொல்றது?"

ஆஷா எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்தார். நாற்காலியை நகர்த்திவிட்டு அவரும் தரைக்கு இறங்கினார். "மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாங்களா? ரெண்டு பேரும் சண்டை போடுவீங்களா?"

"போடுவமுங்க" என்றார் நஞ்சப்பன், அக்கா முந்துவதற்குள். "ரசத்துல உப்புக்கே ரெண்டு நாள் போடுவமுங்க."

"ரெண்டு நாள் கழிச்சு இவருதானுங்க மொதல்ல பேசுவாரு" என்றார் அக்கா.

மற்ற குழந்தைகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒருவன் ஆஷாவின் பைக்குள் தலையை விட்டான். வெயில் ஏறும் வரை பேச்சு போனது. குழந்தைக்கு உண்மையை எப்போது சொல்வீர்கள், உறவுக்காரர்கள் ஏதாவது சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஆஷா கேட்டுக்கொண்டே போனார். பலவற்றுக்கு அக்காவிடமிருந்து வந்தது, "தெரியலீங்க, நீங்க சொல்லுங்க" என்பதுதான். அதையும் ஆஷா எழுதிக்கொண்டார். பிரியங்கா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மடியிலேயே தூங்கிப்போனாள்.

ஆஷா எழுந்தார். வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "ஜன்னலுக்குக் கீழ பிளக் பாயிண்ட் ரொம்பத் தாழ இருக்குதுங்க. தவழற குழந்தை நேரா அங்கதான் போகும். மேல தூக்கி வெச்சிருங்க" என்றார் சத்தமாகவே. நஞ்சப்பன் அப்போதே ஸ்க்ரூ டிரைவர் தேடப் போய்விட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கம் விருந்தாளி எழுந்தால் வீட்டுக்காரரும் எழுந்துவிட வேண்டும், பஸ் ஏற்றிவிடும் வரை கூடவே போக வேண்டும். மருதாளக்கா எழவில்லை. ஒரு கையால் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையின் விரலைத் தன் உதட்டில் வைத்து, மெதுவாகப் பேசும்படி ஆஷாவுக்கு ஜாடை காட்டினார்.