விற்கக்கூடாத கறி

சின்ன நாடு எங்கள் அர்மீனியா. எண்ணெய் இல்லை, கடல் இல்லை. இருப்பதெல்லாம் கல்லும் கோயிலும்தான். பக்கத்து மடாலத்துக்கு யாத்ரீகர்கள் வரத் தொடங்கியதும் எங்கள் ஊரில் ஏழு வீடுகள் கூட்டுச் சேர்ந்தன. ஒரு வீட்டில் ரொட்டி, ஒரு வீட்டில் பாலாடைக்கட்டி, ஒரு வீட்டில் வேன். படுக்கையும் சாப்பாடும் ஷூஷானிக் வீட்டில். பாலர் பள்ளிச் சமையல்காரியாக இருந்தவள். பள்ளியை மூடியபின் கடன் வாங்கி மூன்று அறை கட்டினாள். ஏழு வீட்டுக்காரர்களும் சண்டை போடாமல் ஒரு வருஷம் ஓட்டியதே பெரிய அதிசயம்.

அன்று போலந்திலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். மற்ற ஆறு வீட்டிலிருந்தும் சட்டிகள் காலையிலிருந்தே கொல்லை வழியாக வந்தபடி இருந்தன. துணி மூடிய ஒரு சட்டியில் வேகவைத்த ஆட்டுக்கறி இருந்தது. வேன்காரன் வீட்டிலிருந்து வரவேண்டியது இதுதான் என்று ஷூஷானிக் நினைத்தாள். வெறும் உப்புக் கறியாக இருக்கிறதே என்று அலுத்துக்கொண்டு, தக்காளியும் மிளகாயும் போட்டுக் கொதிக்கவைத்து மேசைக்கு அனுப்பினாள். விருந்தினர்கள் சட்டியை வழித்துத் தின்றார்கள்.

ஒன்றேகால் மணிக்குப் பக்கத்து வீட்டு வார்ட்கெஸ் வேலியோரம் வந்து நின்றான். அவன் மகள் நாஸெலிக்கு அன்று தலைநகர் எரெவானில் இதய அறுவைச் சிகிச்சை. தாய் ஹெரிக்னாஸ் ஆஸ்பத்திரியில். வேண்டுதலை நிறைவேற்ற இவன் மட்டும் ஊரில்.

"அக்கா, ரெண்டு மணிக்கு உள்ள கொண்டு போறாங்க. நம்ம மத்தாக் சாப்பிட்டியா? மேசை மேல வச்சுட்டுப் போனேன்."

துணி மூடிய அந்தச் சட்டி ஷூஷானிக்கின் நினைவுக்கு வந்தது. மத்தாக் என்றால் கடவுளுக்கு நேர்ந்துவிட்ட ஆடு. உப்பு மட்டும் போட்டு வேகவைத்து ஏழு வீட்டுக்குச் சும்மா கொடுக்க வேண்டும். காசுக்கு விற்றால் வேண்டுதல் முறிந்துவிடும் என்பது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இவளோ தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிப் பரிமாறிவிட்டாள்.

"சாப்பிட்டோம், தம்பி. வேண்டுதல் ஏத்துக்கப்படட்டும்," என்றாள். பொய் நாக்கில் கசந்தது.

அவன் போனதும் வழிகாட்டி லுசாபெரிடம் ஓடி, மதியச் சாப்பாட்டைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். சாப்பாடு தரவில்லை என்று எழுதினால் சுற்றுலாக் கம்பெனி அடுத்த குழுவை வேறு ஊருக்கு அனுப்பிவிடும், ஏழு வீட்டு அடுப்பும் அணைந்துவிடும் என்றாள் லுசாபெர். ஒரு பக்கம் குழந்தையின் உயிர், மறுபக்கம் ஊரின் வயிறு. ஷூஷானிக் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு அடிக்கப் பத்து நிமிஷம்.

அவள் தன் நான்கு முட்டைக் கோழிகளையும் அறுத்தாள். காசுக்கான சாப்பாடு இதுதான், முதலில் தின்றது ஒரு குழந்தைக்காகக் கொடுத்த தர்மம் என்று லுசாபெரை மொழிபெயர்க்கச் சொன்னாள். பாவம், தொண்டை வரை நிரம்பிய அந்தப் பன்னிரண்டு பேரும் நாலு மணிக்கு மறுபடி மேசையில் உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் இடுப்பு வாரைத் தளர்த்திக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் ஷூஷானிக் சிரித்திருப்பாள். இன்று தட்டு வைக்கும்போதெல்லாம் குழந்தையின் நெஞ்சைக் கிழிக்கும் கத்தியே கண்ணில் நின்றது. கோழி அறுத்துக் கடவுளை ஏமாற்றப் பார்க்கிறோமோ என்றும் பயந்தாள்.

ஐந்து மணிக்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. வார்ட்கெஸ் வாசற்படியில் போனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? சேதி வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே."

"நல்ல சேதி வந்தா சொல்லாமலே இருந்திருப்பேன். கெட்ட சேதி வந்தா சொல்ல தைரியம் வந்திருக்காது. அதான் இப்பவே வந்தேன்."

போன் அடித்தது. வார்ட்கெஸின் கை எழவில்லை. "நீயே எடு," என்றான்.

ஹெரிக்னாஸின் அழுகைதான் முதலில் கேட்டது. சந்தோஷ அழுகையா, மற்றதா என்று ஷூஷானிக்குப் புரியவில்லை. பிறகு வார்த்தை வந்தது.

"முடிஞ்சுதாம். இதயம் தானாவே துடிக்குதாம்," என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள்.

வார்ட்கெஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுது முடித்து அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"குழந்தை போயிருந்தா, டாக்டர் மேல பழி போட்டிருக்க மாட்டேன் அக்கா. சாகுற வரைக்கும் உன் மேலதான் போட்டிருப்பேன்."

"தெரியும்," என்றாள் ஷூஷானிக்.