நடுவில் கியர் இல்லாத கார்

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவின் சுபாங் ஜெயாவில் இருந்த நான் புத்தம் புது ஜப்பான் டர்போ கார் ஒன்று வாங்கியிருந்தேன். கிள்ளானில் அக்கா கணவரிடம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பழைய வி-எயிட் இன்ஜின் கார் இருந்தது. பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குள் இதே சண்டைதான்.

"வளைவுல திரும்பவே உங்க காருக்கு அரை நாள் ஆகுது மச்சான். வித்துத் தொலைங்க லா!"

"என் இன்ஜின் சத்தத்தைக் கேளு மாப்ள. உன்னுது தையல் மிஷின்!"

அக்கா அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அன்று, மனைவியோடு போய் ஆஸ்பத்திரி வாசலில் முந்திக்கொண்டு என் காரை நிறுத்தினேன். ஏர்கான் குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து உள்ளே பார்த்தாள். தனித்தனி சீட்டுகள், நடுவே கியர்.

"நான் அவரு வண்டியிலயே வரேன்டா."

மச்சான் காரின் முன்சீட்டு சோபா மாதிரி ஒரே நீளம். கியர் ஸ்டியரிங் ஓரமாகவே இருக்கும். அக்கா மெல்ல நகர்ந்துபோய் அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"கல்யாணமான புதுசுலேருந்து இதான்டா என் எடம்."

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப சொல்லு, இதை எப்படி விக்கிறது?"

கிள்ளான்வரை அவர்கள் பின்னாலேயே போனேன். அந்தப் பெரிய இன்ஜின் உறுமாமல் ஊர்ந்தது. பின்கண்ணாடி வழியாக, அவர் தோளில் சாய்ந்திருந்த அக்காவின் தலை தெரிந்தது. பக்கத்து லேன் காலிதான். ஒரே மிதியில் முந்தியிருக்கலாம். மனசு வரவில்லை.

என் மனைவியும் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கியரைப் பிடித்திருந்த என் கையின் மேல் தன் கையை வைத்தாள். வீடு வரும்வரை அந்தக் கையோடுதான் கியர் மாற்றினேன்.