கைத்த கிழங்கும் பூரணம் ரீச்சரும்

பூரணம் ரீச்சர் இறந்துபோன செய்தி எனக்கு வந்து சேர நாற்பத்துமூன்று நாள் எடுத்தது. நெடுந்தீவிலிருந்து அவருடைய தம்பி எழுதிய கடிதம் கொழும்பைச் சுற்றி, நாலைந்து கை மாறி, யாழ்ப்பாணத்தில் நான் இருக்கும் வாடகை அறைக்கு வந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. ‘அக்காவுக்கு நெருப்புக்காய்ச்சல். பதினொரு நாள் கிடந்தவ. மருந்து வர முன்னம் போயிட்டா’ என்று எழுதியிருந்தார். வானம் தெளிந்த நாளில் இங்கே கரையில் நின்றால் தீவுப்பக்கம் தெரியும். தீவுகள் இராணுவத்தின் கையில், போகத்தான் ஏலாது.

வேலணையில் அவரோடு படிப்பித்தவர்களும் அவரிடம் மனையியல் படித்தவர்களுமான நீங்கள் இன்று ஆளுக்கொரு திக்கில் இருக்கிறீர்கள். உங்களில் சிலர் அவருடைய சமையலைப் பற்றி எழுதுவீர்கள். நானும் அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்குள் என் பிழை ஒன்றும் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தவரை அதை நான் வெளியில் சொன்னதில்லை.

எண்பத்தைந்தில் நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். நான் கணக்கு, அவர் மனையியல். ஒரே வயது. சந்திக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். முதல் நாள் காலையில் அவருக்கும் சேர்த்துப் பால் தேத்தண்ணி போட்டேன். அவர் கோப்பையைத் தொடவில்லை.

“நான் பால் குடிக்கிறேல்லை, சரோ. நீர் குடியும்.”

மீன் முட்டை இல்லாத வீட்டில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான். பாலுமா என்று கேட்டேன். நெடுந்தீவில் அவர்கள் வீட்டில் மாடுகள் நின்றனவாம். தாய் பால் கறக்கும்போது கன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பது இவருடைய வேலை. “அது என்ரை கையை நக்கிக்கொண்டு நிக்கும். பத்து வயசிலை ஒரு நாள் பாலை வாயிலை வைச்சனான், இறங்கேல்லை. பிறகு விட்டிட்டன்” என்றார். அதற்கு மேல் அதில் ஒரு வார்த்தையும் இல்லை. யாரையும் விடச் சொன்னதும் இல்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணியைக் குடித்து, கண்ணை மூடி, “ஆ” என்பார். ஒரு கிழமையில் நானும் பாலை மறந்துவிட்டேன். கொள்கை ஒன்றும் இல்லை. அவர் அதைக் குடிக்கும் விதத்தைப் பார்த்த ஆசைதான்.

அந்த வருடங்களில் எங்கள் பின்னேரங்கள் பயத்தில்தான் போயின. கடலில் வெடிச்சத்தம் கேட்கும். பஸ் வராது. வந்த பஸ்ஸில் போனவர் திரும்பவில்லை என்பார்கள். கதவைச் சாத்திவிட்டு நான் ரேடியோவோடு இருப்பேன். அவர் குசினியில் இருப்பார். ஒரு நாள் ஹெலி தாழப் பறந்து ஓடு அதிர்ந்தபோதும் அவர் தேங்காய்த் திருவலையை விட்டு எழும்பவில்லை. “ஓடி எங்கை போறது? புட்டு அவிஞ்சிட்டுது, வாரும்” என்றார். குரக்கன் புட்டு, அதோடு பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், தேசிக்காய்ப் புளி விட்ட சம்பல். பயந்து பயந்துதான் சாப்பிட்டேன். ஆனால் ருசித்தது. “வயிறு நிரம்பினால் காணாது, சரோ. நாக்கும் ஒருக்கால் சிரிக்கோணும்” என்பார்.

இனி அந்த ஆவணி.

தொண்ணூறில் தீவுப்பகுதிக்கு இராணுவம் வந்து இறங்கிவிட்டது என்ற கதை வந்ததும் அக்கம்பக்கத்துச் சனம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்து சேர்ந்தது. ஐம்பது பேருக்கு மேல். மண்டைதீவிலிருந்து பிள்ளைகளோடு ஓடிவந்த கடற்றொழிலாளர் குடும்பங்களும் இருந்தன. இருந்த அரிசி இரண்டாம் நாளோடு முடிந்தது. மூன்றாம் நாள் விடிய, மண்டைதீவுச் சின்னராசா அண்ணையும் இன்னொருவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய், ஆளில்லாத ஒரு தோட்டத்திலிருந்து இரண்டு சாக்கு மரவள்ளிக்கிழங்கு பிடுங்கி வந்தார்கள். சின்னராசா அண்ணைக்கு ஐந்து வயதில் ஒரு மகள், தாயில்லாப் பிள்ளை. இரண்டு நாளாக அதைத் தோளை விட்டு இறக்காமல் திரிந்த மனிதர்.

பூரணமும் நானும் இன்னும் சில பெண்களும் கிழங்கை உரித்து வெட்டிப் பெரிய அண்டாவில் அவித்தோம். இருந்த காய்ந்த விறகும் சிரட்டையும் அதோடு தீர்ந்தன. காய்ந்த விறகுக்கு அன்றைக்கு எங்கள் உயிரின் விலை. பச்சை விறகை எரித்துப் புகை எழும்பினால் ஹெலி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் புகை கண்ட ஒரு வளவைச் சுற்றிச் சுட்டிருந்தார்கள்.

கிழங்கு அவிந்தது. சனம் வரிசையில் வந்து நின்றது. பூரணம் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் வைத்தார். துப்பினார். அண்டாவின் அடியிலிருந்து இன்னொரு துண்டு எடுத்தார். அதையும் துப்பினார்.

“இது கைக்குது. நல்லாக் கைக்குது. ஒருத்தரும் தின்னாதேங்கோ.”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. சின்னராசா அண்ணை முன்னால் வந்தார்.

“ரீச்சர், பசிக்கிற பிள்ளைக்குக் கைப்பென்ன இனிப்பென்ன? காஞ்ச பனங்கிழங்கு ஒடியலும்தான் கைக்குது. நாங்கள் தின்னேல்லையே?”

“அண்ணை, ஒடியலின்ரை கைப்பு வேறை, இது வேறை. இந்தக் கைப்பு ஆளைக் கொல்லும். எங்கடை வளவிலை இதைத் திண்டு ரெண்டு ஆடு விழுந்ததைக் கண்ணாலை கண்டனான்.”

“ஆடு பச்சையாத் திண்டிருக்கும். இது அவிச்சதெல்லே!”

“அவிச்சும் கைக்குதெண்டால் அவிச்சும் போகேல்லை எண்டுதான் அர்த்தம். என்ரை கையாலை நான் போடமாட்டன்.”

சத்தம் கூடியது. உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த கிழங்கு என்றார் ஒருவர். பின்னாலிருந்து ஒரு பெண், “சைவக்காரருக்கு எங்கடை பசி விளங்காது” என்றாள். பூரணம் அகப்பையைப் பிடித்தபடி அண்டாவுக்கு முன்னால் நின்றார். மெல்லிய உடம்பு. கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன்.

என் பிழையை இங்கேதான் சொல்ல வேண்டும். அவர் பக்கம் போய் நிற்க வேண்டிய ஒரே ஆள் நான். எல்லோருக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்:

“பூரணம், ரெண்டு தரம் தண்ணி மாத்தி அவிச்சதுதானே. போட்டுக் குடும். இனி எரிக்கிறதெண்டால் பச்சை விறகுதான் இருக்கு. உம்மடை புத்தகப் படிப்புக்காக எல்லாரையும் சாகச் சொல்லுறீரோ?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. கூட்டத்தில் இன்னொரு முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு குனிந்து, அண்டாவை ஒரு பக்கம் சரித்து, முழுவதையும் மண்ணில் கொட்டினார்.

சின்னராசா அண்ணை அடிக்கக் கை ஓங்கினார். தோளில் கிடந்த பிள்ளை வீரிட்டு அழுததால் கை இறங்கியது. பூரணம் அவரைப் பார்க்கவே இல்லை. “மனையியல் அறைத் திறப்பைத் தாரும்” என்று என்னிடம் கையை நீட்டினார்.

அந்த அறை அலுமாரியில் செய்முறை வகுப்புக்கென்று வைத்திருந்த ஒடியல் மா மூன்று பை, செத்தல் மிளகாய், பழப்புளி, உப்பு, ஒரு போத்தல் பயறு. பள்ளிக்கூடத் தோட்டத்தில் பயிற்றங்காய் கொஞ்சம், கிணற்றடியில் முருங்கை. அவர் மாவைத் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை ஊற்றி, மறுபடியும் கரைத்தார். இதையெல்லாம் ஒரு சாதாரண சனிக்கிழமையில் செய்வதுபோல் செய்தார். விறகு என்று இருந்தது வேலி அடைக்க வெட்டிப் போட்டிருந்த பச்சைப் பூவரசங்கதியால் மட்டும்தான்.

அடுப்பை வெளியிலிருந்து வகுப்பறைக்குள் மாற்றினார். மூன்று கல். நெருப்பு மூண்டதும் வெள்ளைப் புகை திரண்டு எழும்பியது. “சாக்கை நனைச்சுத் தாங்கோ!” என்று கத்தினார். யாரும் அசையவில்லை. பிறகு ‘சைவக்காரர்’ என்று சொன்ன அதே பெண் எழும்பிப் போய், கிழங்கு வந்த சாக்குகளை நனைத்துக்கொண்டு வந்து, இன்னொருத்தியோடு சேர்ந்து அடுப்புக்கு மேலே விரித்துப் பிடித்தாள். வேறு சிலர் பாயால் விசிறினார்கள். புகை ஒரு தூணாக எழும்பாமல் அறையெல்லாம் பரவி ஓட்டிடுக்குகளால் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கண் எரிந்து எல்லோரும் அழுதோம்.

ஹெலிச் சத்தம் கேட்டபோது கூழ் கொதிக்கத் தொடங்கியிருந்தது. சனம் வாங்குகளுக்குக் கீழே விழுந்தது. நானும் விழுந்தேன். பூரணம் மட்டும் அடுப்படியில் குந்தியிருந்து, எரிகிற கதியால்களை ஒவ்வொன்றாக இழுத்து நிலத்து மணலில் புதைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றியிருந்தால் ஆவி குப்பென்று கிளம்பியிருக்கும். சத்தம் எங்கள் தலைக்கு மேல் வந்து நின்றதுபோல் இருந்தது. ஓடுகள் கடகடத்தன. பிறகு கடற்கரைப் பக்கம் போய், அங்கே சுட்டுத் தீர்த்தது. அவர் கதியால்களை மணலிலிருந்து எடுத்து, ஊதி, மறுபடியும் மூட்டினார். இதே வேலையை இன்னொரு முறையும் செய்ய வேண்டியிருந்தது. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பிவிட்டது.

மதியம் திரும்பியபின் கூழ் இறங்கியது. பனையோலையை மடித்துப் பிளா என்ற குடிகலம் கோலி எல்லோருக்கும் வார்த்தோம். மீனும் நண்டும் இல்லாத கூழைக் கூழென்று ஒத்துக்கொள்ளாத சனம் அது. புளியும் உறைப்பும் முருங்கையிலை வாசமுமாக அது உள்ளே இறங்கியபோது ஒரு கிழவர், “இதென்ன, நல்லாயெல்லே இருக்கு!” என்றார், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல. சிலர் சிரித்தார்கள். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. சின்னராசா அண்ணையின் மகள் இரண்டு பிளா குடித்தாள்.

சின்னராசா அண்ணை குடிக்கவில்லை. சுவரோடு சாய்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோபம் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் எழும்ப முயன்று சுருண்டு விழுந்து சத்தி எடுக்கத் தொடங்கினார். பூரணம் ஓடிப்போய் அவருடைய தலையைத் தாங்கினார்.

“அண்ணை, கிழங்கு திண்டனீங்களோ?”

அவர் தலையசைத்தார். அண்டா கொட்டப்படும் முன்பே, பிள்ளைக்கென்று இரண்டு துண்டை எடுத்து மடியில் கட்டியிருக்கிறார்.

“பிள்ளைக்கும் குடுத்தனீங்களோ?” பூரணத்தின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

“குடுத்தனான், ரீச்சர். அவள் கைக்குதெண்டு துப்பிப்போட்டாள். வீணாப் போகுமெண்டு நான்தான் திண்டனான்.”

பூரணம் அந்தப் பிள்ளையை இழுத்து மடியில் வைத்து, அதன் வாயைத் திறந்து பார்த்து, கண்ணைப் பார்த்து, மறுபடியும் வாயைப் பார்த்தார். பிறகு பனங்கட்டியைக் கரைத்து அந்த மனிதருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார். வைத்தியத்தில் அது சரியோ பிழையோ எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வழி இருக்கவில்லை. சின்னராசா அண்ணைக்கு மூச்சு இழுத்தது, உடம்பு குளிர்ந்தது. போய்விடுவார் என்றே நினைத்தோம். பொழுதுபடும் நேரத்தில் கண்ணைத் திறந்து மகள் எங்கே என்று கேட்டார். இரண்டு துண்டுக்கு அந்தப் பாடு. அண்டா முழுவதையும் ஐம்பது பேர் தின்றிருந்தால் என்று அன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் விடியச் சில ஆண்கள் அந்தக் கிழங்கை ஆழமாகக் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள்.

பூரணம் ஒருவரிடமும் ‘நான் சொன்னனான்தானே’ என்று சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நான் அவருடைய கையில் தேங்காயெண்ணெய் பூசினேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வேறு ஏதோ பேசினேன்.

இரண்டு நாளில் எல்லோரும் சிதறினோம். நான் அராலிப் பக்கம் வள்ளமேறி யாழ்ப்பாணம் வந்தேன். அவர் தாயைப் பார்க்க நெடுந்தீவுக்குப் போனார். சந்தியில் பிரிந்தபோது என் தோளைத் தொட்டு, “நேரத்துக்குச் சாப்பிடும்” என்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுத எனக்கு இரண்டரை வருடம் எடுத்தது. இங்கே மண்ணெண்ணெய் இல்லை, சமையலெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை என்ற காலம். நீளமாக எழுதினேன். அவருடைய பதில் ஒரு தாளின் ஒரு பக்கம்தான்.

‘சரோ, அண்டைக்கு நீர் பயந்தனீர். நானும் பயந்தனான். பயத்திலை உமக்கு வாய் ஓடிச்சுது, எனக்குக் கை ஓடிச்சுது. அவ்வளவுதான் வித்தியாசம். அதை விடும். அங்கை எண்ணெய் இல்லையாம் எண்டு கேள்விப்பட்டன். வேலியிலை முசுட்டை கிடைச்சால் விடாதையும். இலையை மயிர்போல மெல்லிசா அரியும். வெங்காயம், பச்சைமிளகாய், உப்புப் போட்டு, தேங்காய்ப்பூவோடை பிசைஞ்சு, சட்டியை மூடி, சின்ன நெருப்பிலை வையும். எண்ணெய் ஒரு துளியும் வேண்டாம். தேங்காய் தன்ரை எண்ணெயைத் தானே விடும்.’

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தத் தாள். இன்னொன்றும் இருக்கிறது. பயந்துபோய்ப் பிழை செய்த ஒருத்தியை அந்தப் பிழைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடக் கூடாது என்பது. யாராவது தடுமாறி என்னிடம் ஒரு கடுஞ்சொல்லை விட்டுவிட்டால், இப்போது நான் உடனே பதில் சொல்வதில்லை.

தம்பியின் கடிதம் வந்த மறுநாள் அயல் வேலியில் முசுட்டை பறித்தேன். அவர் எழுதியபடியே அரிந்து, எழுதியபடியே வைத்தேன். சோற்றோடு பிசைந்து ஒரு வாய் வைத்தபோது, நல்லாயிருக்கு என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகு வந்தது. சட்டியில் ஒன்றும் மிஞ்ச விடவில்லை.