குசினியில் கொழுவிய பழைய போன்

பனையோலை விழுந்து அறுந்த தொலைபேசிக் கம்பியை அன்று காலைதான் வந்து பொருத்திவிட்டுப் போனார்கள். மூன்று மணிக்கு என் பேத்திக்குக் கணினி வழியே நேர்முகத் தேர்வு. வேலை கிடைத்தால் உடுப்பிட்டியில் எங்கள் வீட்டிலிருந்தே செய்யலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. ஆனால் இரண்டரை மணியாகியும் இணையம் சரியாக வரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவள் கைபேசியில் தொலைபேசிக் கம்பனிக்கு எடுத்தாள். அங்கிருந்தவர் சொன்னது எனக்கும் கேட்டது.

“தங்கச்சி, அந்த லைனிலை வேறை போன் ஏதும் கொழுவியிருக்கோ? வடிகட்டிப் பெட்டி இல்லாமல் நேரை கொழுவினால் இன்ரநெற் இழுபடும்.”

“இல்லை அண்ணை, ஒண்டுமில்லை.”

கம்பி சரிவந்த சந்தோசத்தில் நான்தான் அலுமாரிக்குள் கிடந்த பழைய போனை எடுத்துக் குசினிச் சுவரில் கொழுவியிருந்தேன். கனடாவிலிருக்கும் என் தங்கச்சி கதைக்கத் தொடங்கினால் விடமாட்டாள். அவளால் எத்தனை குழம்பு அடிப்பிடித்திருக்கிறது! குசினியில் போன் இருந்தால் சமைத்தபடியே கதைக்கலாம்.

“பிள்ளை, குசினிக்குள்ளை ஒண்டு இருக்கு.”

“எணை அம்மம்மா! ஆர் கொழுவினது?”

“நான்தான் மோனை. பிறகு ஏசு, முதல் உந்தப் போனைக் கழட்டு!”

ஓடிப்போய்க் கழற்றினாள். இணையப் பெட்டியின் விளக்குகள் அணைந்து, மினுங்கி, ஒவ்வொன்றாகப் பச்சையாகின. மூன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் திரையில் ஒரு பெண் வணக்கம் சொன்னார். பேத்தி கண்ணாலேயே என்னை வெளியே அனுப்பினாள்.

தேங்காய் துருவும் சத்தம்கூடக் கேட்கக்கூடாதென்று சமையலை நிறுத்திவிட்டுக் கதவடியில் குந்தியிருந்தேன். முக்கால் மணித்தியாலம் அவள் குரல் ஒருதரமும் அறுபடவில்லை.